கழுத்தின் கீழ்ப்பகுதி முள்ளெலும்பு முறிவும் பிசகலும்: நோயாளரும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

தென்னை மரத்திலிருந்து தவறி விழுந்தவர், இரு சக்கர வாகனத்திலிருந்து தூக்கி எறியப்பட்டவர், ஆழம் தெரியாமல் கிணற்றில் தலைகீழாகக் குதித்த இளைஞர், தலையில் மூட்டை சுமந்து செல்கையில் இடறி விழுந்த தொழிலாளி என, கழுத்தில் பலத்த அடிபட்டு மருத்துவமனைக்கு வருவோர் பலவகையினர். சற்று நேரத்துக்கு முன்புவரை ஓடியாடி உழைத்தவர் கை கால் அசையாமல் படுத்திருப்பதைக் காணும் குடும்பத்தார் எங்களிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இக்கேள்விதான்: “ஆபரேஷன் செய்து எலும்பைச் சரிப்படுத்திவிட்டால் எழுந்து நடந்துவிடுவாரா, டாக்டர்?”

இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஏனெனில் இவ்விபத்தில் காயம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று எலும்புக்கும் மூட்டுக்கும் ஏற்படுவது. மற்றொன்று அவற்றின் உள்ளே செல்லும் தண்டுவடத்துக்கு ஏற்படுவது. முறிந்த எலும்பை நேராக்கி நிலைநிறுத்த அறுவை சிகிச்சையால் இயலும். நசுங்கிய தண்டுவடத்தைச் சீராக்க எந்த அறுவை சிகிச்சையாலும் இயலாது. அதன்மீதுள்ள அழுத்தத்தை நீக்கி, அது மீள்வதற்கான வாய்ப்பைத் தர மட்டுமே முடியும். இவ்வேறுபாடு தெளிவானால், சிகிச்சையின் ஒவ்வொரு கட்டமும் எதற்காகச் செய்யப்படுகிறது என்பது தெளிவாகும்.

கழுத்தின் அமைப்பு

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. மேலிருக்கும் இரண்டும் தலையை அசைக்கவும் திருப்பவும் தனி வடிவில் அமைந்தவை. மூன்றாவது முதல் ஏழாவது வரையுள்ள ஐந்து எலும்புகளே கழுத்தின் கீழ்ப்பகுதி எனப்படும். ஒவ்வோர் எலும்பின் முன்பகுதியும் அடுத்ததன்மேல் அடுக்கப்பட்டிருக்கிறது. இடையில் மெத்தை போன்ற வட்டு உள்ளது. பின்புறத்தில் வலமும் இடமுமாக இரண்டு சிறு மூட்டுகள், கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பது போல அமைந்துள்ளன. இவை அனைத்தையும் உறுதியான இணைப்பு நார்கள் பிணைத்துள்ளன. இவ்வெலும்புகளின் நடுவேயுள்ள குழாய் போன்ற வழியில், ஏறக்குறைய சுண்டுவிரல் பருமனில், தண்டுவடம் இறங்குகிறது. மூளையிலிருந்து கை, கால், மூச்சுத் தசைகள், சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றுக்குச் செல்லும் கட்டளைகளும், அவற்றிலிருந்து மூளைக்குத் திரும்பும் உணர்வுகளும் இவ்வழியாகவே செல்கின்றன.

தலை பலமாக முன்னோக்கி மடங்கும்போது பின்புற நார்கள் கிழிந்து, மேல் ஓடு கீழ் ஓட்டைத் தாண்டி முன்னே நழுவிச் சிக்கிக்கொள்ளலாம். இதுவே பிசகல். ஒரு பக்க மூட்டு மட்டும் பிசகினால், மேலெலும்பு ஏறத்தாழ கால் பங்கு முன்னே நகரும். இரு பக்கமும் பிசகினால் பாதியளவோ அதற்கு மேலோ நகர்ந்து, தண்டுவடத்தைக் கடுமையாக நெருக்கும். உச்சந்தலையில் நேராக அடிவிழுந்தால் எலும்பு அமுங்கும் அல்லது நொறுங்கிச் சிதறும். சிதறிய துண்டு தண்டுவடத்தின்மேல் அழுத்தக்கூடும். ஐந்தாம், ஆறாம், ஏழாம் எலும்புகளுக்கு இடைப்பட்ட பகுதியே இவ்வகைக் காயங்களுக்கு மிகுதியாக ஆளாகிறது.

முதியோரிடம் வேறொரு நிலையும் உண்டு. தேய்மானத்தால் முன்பே குறுகிய கழுத்துடையவர் குளியலறையில் வழுக்கி நெற்றி மோத விழுந்தால், எலும்பு முறியாமலேயே தண்டுவடம் நசுங்கலாம். அவர் ஓரளவு நடப்பார். ஆனால் கைகளில் வலுவிராது, விரல்கள் எரியும். “எக்ஸ்ரேயில் முறிவில்லை” என்று கேட்டு நிம்மதியுடன் வீடு திரும்பிவிடாமல், இத்தகையவரையும் தண்டுவட மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விபத்து நடந்த இடத்தில்

முதல் அடியில் தப்பிய தண்டுவடம், தவறாகத் தூக்குவதால் நசுங்கக்கூடும். எனவே சிகிச்சை தொடங்குவது மருத்துவமனையில் அன்று; விழுந்த இடத்திலேயே.

கழுத்து வலிப்பதாகவோ, கை கால் மரத்திருப்பதாகவோ கூறுபவரையும், விழுந்து நினைவிழந்தவரையும், கழுத்து முறிந்தவராகவே கருதுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அவரை உட்கார வைக்க வேண்டாம். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி ஏற்ற வேண்டாம். தண்ணீர் புகட்ட வேண்டாம். ஒருவர் தலைமாட்டில் அமர்ந்து, இரு கைகளாலும் தலையை இருந்த நிலையிலேயே அசையாமல் தாங்கட்டும். கோணியிருக்கும் கழுத்தை வலிந்து நேராக்க முயலக் கூடாது. தலைக்கவசம் அணிந்திருந்தால், மூச்சுக்குத் தடையில்லாதவரை அதைக் கழற்றாதீர்கள்.

வாந்தி எடுத்தாலோ, ஆபத்தான இடத்திலிருந்து அகற்ற நேர்ந்தாலோ, தலை, தோள், இடுப்பு, கால் ஆகியவற்றுக்கு ஆளுக்கொருவராக நின்று, தலையைப் பிடித்திருப்பவர் சொல்லும்போது அனைவரும் ஒருசேர, மரக்கட்டையைப் புரட்டுவது போல உடலை ஒரே வாட்டத்தில் திருப்ப வேண்டும். ஆம்புலன்ஸ் வர இயலாத இடமாயின், அகலமான பலகையில் கிடத்தி, தலையின் இருபுறமும் சுருட்டிய துணிகளை வைத்துக் கட்டிக் கொண்டு வரலாம். மூச்சே இல்லாத நிலையில் மட்டும், மூச்சுக்கு வழிசெய்வது எல்லாவற்றிலும் முந்தியது.

கழுத்துப் பிசகலை நாட்டுக்கட்டுப் போடும் இடத்திலோ, நீவிவிடுபவரிடமோ காட்டுவது பேராபத்து. கையில் பிசகிய மூட்டை இழுத்துப் பொருத்துவதைப் போன்றதன்று இது. இங்கே அரை அங்குல நகர்வு, கை கால்களின் எஞ்சிய அசைவையும் பறித்துவிடும்.

சாலை விபத்தில் காயமுற்றோருக்கு, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட “இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48” திட்டத்தின்கீழ், முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையைக் குறிப்பிட்ட தொகைவரை அரசே ஏற்கிறது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும், இத்திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இதைப் பெறலாம். பணம் திரட்டுவதற்காகப் புறப்படுவதைத் தாமதிக்க வேண்டாம்.

மருத்துவமனையில் முதல் சில மணி நேரம்

முதலில் மூச்சும் இரத்த அழுத்தமும் கவனிக்கப்படும். மூச்சின் முதன்மைத் தசையான உதரவிதானத்துக்குரிய நரம்பு, கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் நிலைகளிலிருந்து வருகிறது. அடிபட்ட இடம் அதற்கு அருகிலிருந்தால், நன்றாகப் பேசிக்கொண்டு வந்தவருக்கும் ஓரிரு நாட்களில் மூச்சுக்கருவி தேவைப்படலாம். இரத்த அழுத்தம் குறைந்தால், காயம்பட்ட தண்டுவடத்துக்குச் செல்லும் இரத்தமும் குறைந்து சேதம் மிகும். முதல் சில நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருப்பது இவ்விரு காரணங்களுக்காகவே.

அடுத்து, மருத்துவர் ஒவ்வொரு தசையின் வலிமையையும், தோலின் தொடு உணர்வையும் ஊசிமுனை உணர்வையும் சோதிப்பார். ஆசனவாயில் உணர்வும் இறுக்கமும் உள்ளனவா என்றும் விரலிட்டுப் பார்ப்பார். இதனால் நோயாளரும் உறவினரும் சங்கடப்படுவது இயல்பு. ஆயினும் இச்சோதனையைத் தவிர்க்க இயலாது. அங்கே சிறிதளவேனும் உணர்வு எஞ்சியிருந்தால், தண்டுவடம் முற்றிலும் செயலிழக்கவில்லை என்று பொருள். மீட்சியைக் குறித்து நாங்கள் கூறுவதில் பெரும்பகுதி இதையே சார்ந்தது.

எலும்பின் முறிவையும் பிசகலையும் சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டும். தண்டுவடம், வட்டு, நார்கள் ஆகியவற்றின் நிலையை எம்.ஆர்.ஐ. காட்டும். இரண்டும் வெவ்வேறு செய்திகளைத் தருவதால், ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

சிகிச்சையின் மூன்று நோக்கங்கள்

நழுவிய எலும்பை நேராக்குதல், தண்டுவடத்தின் மீதுள்ள அழுத்தத்தை நீக்குதல், மீண்டும் நகராதபடி நிலைநிறுத்துதல் ஆகிய மூன்றே சிகிச்சையின் நோக்கங்கள்.

நார்கள் கிழியாமல், நரம்புப் பாதிப்பின்றி, எலும்பு மட்டும் சிறிதளவு அமுங்கியிருப்பின் அறுவை சிகிச்சை தேவைப்படாது. உறுதியான கழுத்துப் பட்டையைச் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள்வரை அணிந்து, இடையிடையே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் போதும்.

மூட்டுப் பிசகியிருப்பின், தாமதமின்றி நேராக்க வேண்டும். விழிப்புடனிருந்து, தம் கை கால்களின் நிலையைச் சொல்லக்கூடிய நோயாளருக்கு எடை கட்டி இழுக்கும் முறை கையாளப்படுகிறது. காதுகளுக்குச் சற்று மேலே, மரத்துப்போகும் ஊசியிட்டு, மண்டையோட்டின் வெளிப்புறத்தில் பற்றும் இடுக்கி பொருத்தப்படும். அதில் கட்டிய கயிற்றில் சில கிலோ எடையில் தொடங்கிப் படிப்படியாக எடை கூட்டப்படும். ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே எடுத்து, கை கால் வலிமையும் பார்க்கப்படும். வலிமை குறைவதாகத் தோன்றினால் உடனே நிறுத்தப்படும். தலையில் இடுக்கியைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதன் முனை மூளையைத் தொடுவதில்லை. நினைவற்றவருக்கு இம்முறை ஏற்றதன்று. அவருக்கு எம்.ஆர்.ஐ. பார்த்தபின் அறுவை அரங்கிலேயே எலும்பு நேராக்கப்படும்.

நேராக்கப்பட்ட எலும்பு, நார்கள் கிழிந்திருப்பதால் மீண்டும் நழுவும். ஆகவே அறுவை சிகிச்சை தேவை. கழுத்தின் முன்புறத்தில் சிறிய கீறலிட்டு, உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒதுக்கி, சேதமுற்ற வட்டை அகற்றி, அவ்விடத்தில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த சிறு துண்டையோ செயற்கைக் கூண்டையோ வைத்து, உலோகத் தகடும் திருகாணிகளும் பொருத்துவது ஒரு முறை. பின்புறமாகச் சென்று திருகாணிகளாலும் கம்பிகளாலும் நிலைநிறுத்துவது மற்றொன்று. சிலருக்கு இரண்டும் தேவைப்படும். எந்த வழி என்பதை, காயத்தின் தன்மையே தீர்மானிக்கிறது.

வட அமெரிக்க மருத்துவமனைகளில் கழுத்துத் தண்டுவடக் காயமுற்றோரிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை பெற்றோரில் கூடுதலானோர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். “நல்ல நாள் பார்த்துச் செய்யலாமா?” என்று கேட்கும் குடும்பத்தாரிடம் நாங்கள் தயங்காமல் மறுப்பது இதனால்தான். மூச்சும் இரத்த அழுத்தமும் இடங்கொடுத்தால், அந்த முதல் நாளே நல்ல நாள்.

நரம்பே மீளாது என்னும் நிலையிலும் அறுவை சிகிச்சை எதற்கு என்று சிலர் வினவுவதுண்டு. கழுத்து உறுதிப்பட்டால்தான் நோயாளரை விரைவில் உட்கார வைக்கவும், புரட்டவும், சக்கர நாற்காலிக்கு மாற்றவும் இயலும். வாரக்கணக்கில் அசையாமல் கிடப்பதால் வரும் சளிக்கட்டு, படுக்கைப் புண், கால்களில் இரத்தம் உறைதல் ஆகியவை உயிருக்கே ஆபத்தானவை.

நரம்பு எவ்வளவு மீளும்?

தண்டுவடக் காயம் ஏ முதல் இ வரை ஐந்து படிகளாகப் பிரிக்கப்படுகிறது. ‘ஏ’ என்பது, ஆசனவாய்ப் பகுதி உட்பட, காயத்துக்குக் கீழே உணர்வும் அசைவும் முற்றிலும் அற்ற நிலை. ‘பி’ என்பது உணர்வு மட்டும் உள்ள நிலை. ‘சி’, ‘டி’ ஆகியவை அசைவும் உள்ள நிலைகள். ‘டி’-யில் வலிமை கூடுதல். ‘இ’ என்பது இயல்பு நிலை. நோயாளரின் குறிப்பேட்டில் இவ்வெழுத்து இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாளில் தண்டுவடம் அதிர்ச்சியால் செயலற்றிருக்கக்கூடும் என்பதால், மூன்று நாட்களுக்குப் பின் செய்யும் சோதனை கூடுதல் நம்பகமானது. ‘ஏ’ நிலையில் கால்கள் மீண்டும் நடக்கும் அளவுக்கு மீள்வது அரிது. ‘சி’, ‘டி’ நிலைகளில் பலர் நடக்கின்றனர். முன்னேற்றம் முதல் ஆறு மாதங்களில் விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழும்.

அடிபட்ட உயரமும் முக்கியம். ஐந்தாம் நரம்பு இயங்கினால் முழங்கையை மடக்கலாம். ஆறாம் நரம்பு இயங்கினால் மணிக்கட்டைத் தூக்கி, அதன் இழுப்பால் கரண்டியைப் பற்றலாம். ஏழாம் நரம்பு இயங்கினால் முழங்கையை நீட்டி ஊன்றி, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாற முயலலாம். ஓர் எலும்பளவு வேறுபாடு, பிறர் ஊட்ட உண்பதற்கும் தாமே உண்பதற்கும் உள்ள வேறுபாடாகும்.

இந்நிலையில் பலர் ஸ்டெம் செல் ஊசியை நாடுகின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, தண்டுவடக் காயத்துக்கு இது ஏற்கப்பட்ட சிகிச்சையன்று. முறையாகப் பதிவு செய்த ஆய்வுகளில் மட்டுமே அளிக்கலாம். ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து இதற்குப் பணம் செலுத்தும் முன் எங்களிடம் ஒருமுறை பேசுங்கள். அப்பணம் நல்ல சக்கர நாற்காலிக்கும், வீட்டில் சாய்தளம் அமைக்கவும் பயன்படும்.

வீட்டில் கவனிப்பவருக்கு

முன்புற அறுவைக்குப் பின் சில நாட்கள் தொண்டை வலியும், குரல் கம்மலும், விழுங்கச் சிரமமும் இருக்கும். நிமிர்த்தி உட்கார வைத்து, குழைந்த உணவைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பட்டையை மருத்துவர் சொல்லும்வரை கழற்றாதீர்கள். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தடுக்கும். முடிதிருத்தும் இடத்தில் கழுத்தைத் திருகி நெட்டி எடுப்பது என்றைக்கும் கூடாது.

*தோல்:* படுக்கையில் இரண்டு மணிக்கொரு முறை புரட்டுங்கள். நீர்ப்படுக்கை இருந்தாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது. பிட்டம், இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகியவற்றை நாள்தோறும் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது கருமை, புண்ணின் தொடக்கம். உணர்வற்ற இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். வெந்து போவது அவருக்குத் தெரியாது.

*சிறுநீரும் மலமும்:* கற்றுத்தரும் முறைப்படி, நான்கு முதல் ஆறு மணிக்கொரு முறை தூய்மையான குழாயிட்டுச் சிறுநீரை வெளியேற்றுவது, நிலையாகக் குழாய் வைத்திருப்பதைவிடப் பலருக்கும் நல்லது. மலங்கழிக்கும் நேரத்தை, உணவுக்குப் பின் நாள்தோறும் ஒரே வேளையாக அமைத்துக்கொள்ளுங்கள்.

*மூச்சு:* வயிற்றுத் தசைகள் செயலிழந்தவரால் பலமாக இருமிச் சளியை வெளியேற்ற இயலாது. வயிற்றை அழுத்தி இருமலுக்கு உதவும் முறையை, வீடு திரும்பும் முன் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

*வெயில்:* காயத்துக்குக் கீழே வியர்க்காததால் கோடையில் உடல் சூடேறும். நிழலில் வைத்து, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

திடீரெனத் தலை வெடிப்பது போன்ற வலி, முகம் சிவந்து வியர்த்தல், இரத்த அழுத்த உயர்வு ஆகியவை சேர்ந்து வந்தால் அது அவசர நிலை. இவர்களுடைய இயல்பான அழுத்தமே குறைவாக இருக்கும் என்பதால், பிறருக்கு இயல்பான அளவும் இவர்களுக்கு மிகையாகலாம். உடனே உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைபட்டோ உள்ளதா என்று பாருங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பையே இதன் முதன்மைக் காரணம். மலச்சிக்கலும் புண்ணும் பிற காரணங்கள். அடங்காவிடில் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

கீழ்க்காணும் நிலைகளிலும் காத்திருக்கக் கூடாது:

• கை கால் வலிமை முன்பிருந்ததைவிடக் குறைதல்
• கழுத்தில் வீக்கம், மூச்சுத் திணறல்
• அறுவைக் காயத்தில் சீழ், காய்ச்சல்
• ஒரு கால் மட்டும் வீங்குதல், திடீர் நெஞ்சு வலி

அதன் பின் வாழ்க்கை

ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எழுதப்பட்ட மருத்துவச் சுவடி ஒன்று, கழுத்துப் பிசகிக் கை கால் உணர்விழந்தவரின் நிலையைச் சரியாக விவரித்து, இது சிகிச்சைக்கு உரியதன்று என்று முடிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கி, புரட்டுதல், சிறுநீர்ப்பைப் பராமரிப்பு, பயிற்சி, விளையாட்டு ஆகியவற்றால் இவர்களை நீண்ட நாள் வாழவைக்க முடியும் என்று காட்டினார்.

நம் மாநிலத்திலும் முன்னோடிகள் உள்ளனர். 1954-இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அங்கே தண்டுவடம் பாதித்தோருக்கு மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கப்படுகிறது. 2020-இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவருக்கு ஏற்பட்டதும் கழுத்துக் காயமே.

மறுவாழ்வுப் பயிற்சியை வீடு திரும்பும் முன்பே திட்டமிடுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். நோயாளரின் மனச்சோர்வைக் கோழைத்தனம் என்று எண்ணாமல் எங்களிடம் கூறுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. கவனிப்பவரும் ஓய்வெடுக்க வேண்டும். இரவெல்லாம் ஒருவரே விழித்துப் புரட்டுவது நெடுநாள் நடவாது. வீட்டார் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

“எழுந்து நடந்துவிடுவாரா?” என்னும் கேள்விக்கு மீண்டும் வருவோம். சிலர் நடப்பர், சிலர் நடக்கமாட்டார். எவர் எத்தரப்பு என்பதில் பெரும்பகுதி விழுந்த கணத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஆனால் விழுந்தவரை எப்படித் தூக்குகிறோம், எத்தனை மணிக்குள் மருத்துவமனை சேர்கிறோம், புண் வராமல் எப்படிக் காக்கிறோம் என்பவை நம் கையில் உள்ளவை. நடக்க இயலாதவரும் உண்ண, பேச, படிக்க, தொழில் செய்ய, குடும்பத்தை நடத்த இயலும். மருத்துவர் அடுத்த முறை பார்வையிட வரும்போது, நடப்பாரா என்பதோடு, “அவரால் இனி எவற்றையெல்லாம் தாமே செய்துகொள்ள முடியும்? அதற்கு நாங்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?” என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கு எங்களிடம் விரிவான விடை உண்டு.